23 வருட ஊழியம், 23 ஓட்டு: நார்தாம்ப்டன் சபை தன் போதகரை அனுப்பிய வழக்கு

1750 ஜூன் 22ஆம் தேதி. அப்போது பிரிட்டனின் குடியேற்றமாக இருந்த மாசசூசெட்ஸில், நார்தாம்ப்டன் என்ற ஊரில் பக்கத்துச் சபைகளின் போதகர்களும் பிரதிநிதிகளும் ஒரு சங்கமாகக் கூடியிருந்தார்கள். அந்த ஊர்ப் போதகருக்கும் சபைக்கும் உள்ள உறவை உடனே முடித்துவிட வேண்டும் என்று 10 பேர் சொன்னார்கள். வேண்டாம் என்று 9 பேர். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம். ஆனால் சபைக்குள் கணக்கு அப்படி இழுபறியாக இல்லை. ஆண் அங்கத்தினர் சுமார் 230 பேரில், போதகர் இருக்கட்டும் என்று வாக்களித்தவர்கள் 23 பேர்தான். பெண்களுக்கு ஓட்டே கிடையாது.

அந்தப் போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ். அங்கே அவர் ஊழியம் செய்ததும் 23 வருடம். வருடத்துக்கு ஒரு ஓட்டுத்தான் மிஞ்சியது.

ஒரு போதகரைச் சபை வெளியே அனுப்பிவிட்டது என்று கேள்விப்பட்டால் நாம் உடனே கேட்பது இரண்டு கேள்வி: பண விவகாரமா, பெண் விவகாரமா? இங்கே இரண்டும் இல்லை. சபைக் காசில் கை வைத்தார் என்று அவருடைய எதிரிகள்கூடச் சொல்லவில்லை. மனைவி சாரா, 11 பிள்ளைகள் என்று குடும்பம் ஊரறிய ஒழுங்காக இருந்தது. அவருடைய எழுத்து அட்லாண்டிக்கின் இரண்டு கரையிலும் வாசிக்கப்பட்டது. போதகரின் கடமை என்ன என்று யோசிப்பதற்கு நான் இந்த வழக்கை எடுத்துக்கொண்டது இதனால்தான். போதகர் கெட்டவராக இருந்தால் பழியை அவர் குணத்தின் மேல் போட்டுவிட்டு நாம் கிளம்பிவிடலாம். இங்கே அந்த வசதி இல்லை. வேலையைத்தான் பார்த்தாக வேண்டும்.

சங்கத்தின் முன்னால் வந்த பிரச்சினை, அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தில் யார் பங்கு பெறலாம் என்பது. ஆனால் அது வந்து சேர்வதற்கு முன்பே, ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நடுவில் உள்ள ஆறு நாளில் ஒரு போதகர் செய்ய வேண்டிய வேலை அங்கே வருடக்கணக்கில் பாக்கி விழுந்திருந்தது. இது என் வாசிப்பு. எல்லா ஆய்வாளர்களும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

தாத்தா விட்டுப்போன சபை

எட்வர்ட்ஸ் 1727இல் உதவிப் போதகராக அபிஷேகம் பெற்றபோது வயது 23. மூத்த போதகர் அவருடைய அம்மாவின் அப்பா, சாலமன் ஸ்டாடர்ட். ஏறக்குறைய 60 வருடம் அந்த ஊரை ஆண்டவர் என்றே சொல்லலாம். 1729 பிப்ரவரியில் ஸ்டாடர்ட் இறந்தார். 25 வயதுப் பேரன் கையில் மொத்தச் சபையும் வந்தது.

ஊரில் சுமார் 200 குடும்பம். ஞாயிறு இரண்டு பிரசங்கம், வாரநாளில் ஒரு போதனை, பிள்ளைகளுக்கு வினாவிடை வகுப்பு, ஞானஸ்நானம், திருவிருந்து, நோயாளிகள், அடக்க ஆராதனை, புதிய அங்கத்தினரைச் சேர்ப்பது, தவறு செய்தவர்களை விசாரிப்பது. இவ்வளவுக்கும் ஒரே ஆள். சம்பளம் எவ்வளவு என்பதை வருடா வருடம் ஊர்க்கூட்டம் முடிவு செய்யும்.

தாத்தா இன்னொன்றையும் விட்டுப்போனார். வெளிப்படையான கெட்ட நடத்தை இல்லாமல், விசுவாசத்தின் அடிப்படைகளை ஒப்புக்கொள்கிற எவரும் திருவிருந்தில் கலந்துகொள்ளலாம் என்பது ஸ்டாடர்டின் முறை. ‘நான் மனந்திரும்பினேன்’ என்று சாட்சி சொல்லத் தேவையில்லை. அந்தப் பந்தியே ஒருவரை மனந்திரும்ப வைக்கலாம் என்பது அவர் எண்ணம். எட்வர்ட்ஸ் இதை சுமார் இருபது வருடம் அப்படியே நடத்தினார். மனதுக்குள் சந்தேகம் இருந்தது, வெளியே காட்டவில்லை.

நாளுக்கு 13 மணி நேரம் படிப்பறையில்

எட்வர்ட்ஸ் வீட்டில் தங்கிப் படித்த சாமுவேல் ஹாப்கின்ஸ் பின்னால் அவருடைய வாழ்க்கையை எழுதினார். போதகர் வழக்கமாக நாளொன்றுக்கு 13 மணி நேரம் படிப்பறையில் இருந்தார் என்பது அவர் தரும் தகவல். காகிதம் கிராக்கியான காலம். வந்த கடிதத்தின் பின்பக்கம், பழைய பில், வீட்டுப் பெண்கள் விசிறி செய்தபோது வெட்டி மிஞ்சிய துண்டு என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்துத் தைத்து, உள்ளங்கையில் அடங்குகிற சின்னப் புத்தகமாக்கிப் பிரசங்கம் எழுதுவார். அப்படி எழுதியவற்றில் நூற்றுக்கணக்கானவை இன்றும் பத்திரமாக இருக்கின்றன. உழைப்பில் குறை சொல்லவே முடியாது.

வீடு சந்திப்பு மட்டும் கிடையாது. நோயாளிகள் ஆள் அனுப்பினால் போவார்; யாருக்காவது பெரிய துன்பம் என்று தெரிந்தால் போவார். மற்றபடி வீடு வீடாகச் சென்று பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை. காரணத்தையும் ஹாப்கின்ஸ் எழுதியிருக்கிறார்: சாதாரணமாகப் பேசிப் பழகி அதை நல்ல பேச்சாகத் திருப்பும் திறமை தனக்கு இல்லை, எழுதுவதிலும் பிரசங்கிப்பதிலும்தான் தன்னால் பிரயோஜனம் என்று எட்வர்ட்ஸ் நினைத்தார். ஆத்தும பாரத்தோடு யாராவது தேடி வந்தால் படிப்பறைக் கதவு திறந்திருக்கும். வாலிபர்களையும் பிள்ளைகளையும் தன் வீட்டுக்கு அழைத்து ஜெபம் நடத்துவார். கல்நெஞ்சக்காரர் அல்ல. ஆனால் எல்லாச் சந்திப்பும் அவர் இருக்கும் இடத்தில் நடந்தது. அங்கே வரத் துணிந்தவர்களைத்தான் அவர் அறிந்தார்.

போதகரின் கடமைகளை ஒரே இடத்தில் காட்டச் சொன்னால் நான் அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரத்தைத்தான் திறப்பேன். மிலேத்துவில் எபேசு சபை மூப்பர்களிடம் பவுல் விடைபெறும் பகுதி. ‘வெளியரங்கமாக வீடுகள்தோறும்’ உபதேசித்ததை அவர் நினைவூட்டுகிறார். இரவும் பகலும் கண்ணீரோடு ஒவ்வொருவருக்கும் புத்தி சொன்னேன் என்கிறார். ‘உங்களைக்குறித்தும்’, ‘மந்தைமுழுவதையுங்குறித்தும்’ எச்சரிக்கையாயிருங்கள் என்கிறார். ஒருவனுடைய பொன்னையும் வெள்ளியையும் இச்சிக்கவில்லை என்று கணக்கு ஒப்படைக்கிறார். பிரசங்க பீடம் அந்தப் பேச்சில் இருக்கிறது. ஆனால் வீட்டு வாசலை விடப் பெரிய இடம் அதற்குக் கொடுக்கப்படவில்லை.

எட்வர்ட்ஸ் தரப்பில் ஒருவர் அப்போஸ்தலர் 6ஐத் திருப்பிக் காட்டலாம். ‘நாங்கள் தேவவசனத்தைப் போதியாமல், பந்திவிசாரணைசெய்வது தகுதியல்ல’ என்று பன்னிருவர் சொன்னதும் வேதத்தில்தானே இருக்கிறது? இருக்கிறது. ஆனால் அடுத்த வசனத்தையும் படிக்க வேண்டும். அந்த வேலைக்கு ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். வேலை நின்றுபோகவில்லை, கை மாறியது. நார்தாம்ப்டனில் வீடு சந்திப்பு யார் கைக்கும் மாறவில்லை.

இதற்கு நூறு வருடம் முன்னால் இங்கிலாந்தில், கிடர்மின்ஸ்டர் என்ற ஊரில் ரிச்சர்ட் பாக்ஸ்டர் என்ற போதகர் இருந்தார். உடம்பு எப்போதும் சுகமில்லை. ஊரில் 800 குடும்பத்துக்கு மேல். வாரத்தில் திங்கள், செவ்வாய் இரண்டு நாளையும் காலையிலிருந்து ஏறக்குறைய ராத்திரி வரை இதற்கென்றே ஒதுக்கி, அவரும் உதவியாளரும் 15, 16 குடும்பங்களிடம் தனித்தனியாகப் பேசுவார்கள். வருடத்துக்குள் ஊர் முழுவதும் ஒரு சுற்று வந்துவிடும். பத்து வருடம் பிரசங்கம் கேட்டும் ஒன்றும் புரியாமல் இருந்த சிலர், நேரில் அரைமணி நேரம் பேசியதில் தெளிந்தார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். பாக்ஸ்டரும் சளைக்காமல் எழுதித் தள்ளியவர். ஆகவே படிப்பா, சந்திப்பா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற வாதம் எனக்குச் சரியாகப் படவில்லை. பாக்ஸ்டருக்கு ஓர் உதவியாளர் இருந்தார் என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

எழுப்புதலும் ஒரு மரணமும்

1734, 35இல் நார்தாம்ப்டனில் பெரிய எழுப்புதல், ஊரே பக்தியின் பக்கம் திரும்பிய காலம். அரை வருடத்துக்குள் 300 பேருக்கு மேல் இரட்சிக்கப்பட்டதாக எட்வர்ட்ஸ் எழுதினார். அது புத்தகமாக வந்தது, அவரை உலகம் அறிந்தது.

1735 ஜூன் 1ஆம் தேதி, சபையில் மதிப்புள்ள வியாபாரியும் எட்வர்ட்ஸின் சித்தி கணவருமான ஜோசப் ஹாலி தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டு இறந்தார். தன் ஆத்துமாவின் நிலை பற்றிய பயத்தில் தூக்கமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தவர். அவர் குடும்பத்தில் மனச்சோர்வு நோய் உண்டு என்பதை எட்வர்ட்ஸே பதிவு செய்திருக்கிறார். அதற்குப் பிறகு, முன்பு அப்படி எந்த எண்ணமும் இல்லாதவர்களுக்குக்கூட ‘நீயும் அறுத்துக்கொள்’ என்று யாரோ சொல்வதுபோல உந்துதல் வந்தது என்பதையும் மறைக்காமல் எழுதினார். அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும்.

ஆனால் ஒரு போதகரின் கடமையாகப் பார்த்தால் கேள்வி வேறு. பயமுறுத்தும் பிரசங்கம் மரத்துப்போன மனதை எழுப்பும். ஏற்கெனவே உடைந்த மனதை அது என்ன செய்யும்? கூட்டத்துக்குச் சொல்லும் வார்த்தை ஒவ்வொரு ஆளிடமும் போய் எப்படி இறங்குகிறது என்பதை பீடத்தில் நின்றுகொண்டு தெரிந்துகொள்ள முடியாது. பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தெரியும். இன்றைய போதகருக்கு இதில் இன்னொரு பொறுப்பும் சேர்ந்திருக்கிறது: இது ஜெபத்தோடு மருத்துவரும் பார்க்க வேண்டிய விஷயம் என்று அடையாளம் கண்டு, கூடவே அழைத்துப்போவது.

இறந்தவரின் மகன் பெயரும் ஜோசப் ஹாலி. 15 வருடம் கழித்து எட்வர்ட்ஸை வெளியேற்றிய அணிக்கு முன்னால் நின்று வாதாடிய வக்கீல் அவர்தான். இரண்டையும் முடிச்சுப் போட்டுக் கதை சொல்வது சுலபம். நான் போடவில்லை, மகனுக்கு உபதேச ரீதியாகவே வேறு கருத்துகள் இருந்தன.

1744: வாசிக்கப்பட்ட பட்டியல்

வழக்கின் மையம் எனக்கு இதுதான். 1750 அல்ல.

1744க்கு இரண்டு வருடம் முன்பு, 1742இல், 14 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் எழுந்து நின்று ஓர் உடன்படிக்கையை ஏற்கும்படி எட்வர்ட்ஸ் செய்திருந்தார். கொடுக்கல் வாங்கல், பேச்சு, வாலிபர்களின் நடத்தை எல்லாம் அதில் உண்டு. இந்தச் சூழ்நிலையில்தான் ஒரு செய்தி அவர் காதுக்கு வந்தது. வாலிபர் சிலர், பிரசவம் பார்ப்பவர்களுக்கான மருத்துவப் புத்தகம் ஒன்றைக் கைமாற்றி ரகசியமாகப் படிக்கிறார்கள். அதில் படித்ததை வைத்து இளம்பெண்களிடம் அசிங்கமாகக் கேலி பேசுகிறார்கள். வாலிபர் என்றாலும் பலர் இருபதைத் தாண்டியவர்கள், சபை அங்கத்தினர்கள்.

எட்வர்ட்ஸ் அதைப் பற்றிப் பிரசங்கித்தார். ஆராதனை முடிந்ததும் சபையாரை இருக்கச் சொல்லி விஷயத்தைச் சொன்னார். விசாரிக்க வேண்டும் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள், ஒரு கமிட்டியும் போட்டார்கள். இதுவரை சரி. அப்புறம், இன்ன நாளில் இன்ன நேரத்தில் என் வீட்டுக்கு வர வேண்டியவர்கள் என்று ஒரு பட்டியலைச் சபை முன்னால் வாசித்தார். அதில் குற்றம் சாட்டப்பட்டவர்களும் இருந்தார்கள், சாட்சி சொல்ல அழைக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். யார் எந்த வகை என்று அவர் பிரித்துச் சொல்லவில்லை.

வாசலைத் தாண்டுவதற்குள் ஊர் கொதித்துவிட்டது. ஹாப்கின்ஸ் சொல்வதன்படி, பட்டியலில் பெயரோ, உறவினர் பெயரோ இல்லாத முக்கியக் குடும்பங்கள் ஊரில் குறைவு. பல குடும்பத் தலைவர்கள், விசாரணை வேண்டும் என்று சற்று முன் கையுயர்த்தியவர்களே, இப்போது பின்வாங்கினார்கள். விசாரணை நாளில் போதகர் வீட்டில் காத்திருக்க வைக்கப்பட்ட வாலிபர்கள் பொறுமையிழந்து வெளியே போனார்கள், கமிட்டியைக் கேலி பேசினார்கள். இவர்களும் மண்ணால் ஆன ஆட்கள்தானே என்ற தோரணை. கடைசியில் சபை முன்னால் அறிக்கையிட வைக்கப்பட்டவர்கள் ஒப்புக்கொண்ட முக்கியக் குற்றம், சபையின் அதிகாரத்தை அவமதித்தது. பெண்களிடம் பேசிய பேச்சு பின்னுக்குப் போய், போதகரின் மரியாதை வழக்கின் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவருக்குச் சேர வேண்டிய ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் பலரும் ‘வாலிப வயது, விட்டுவிடுங்கள்’ என்று போகக்கூடிய விஷயத்தை அவர் அப்படி விடவில்லை. கேலிக்கு ஆளான பெண்களின் வார்த்தையை நம்பி, அதை விசாரணைக்குக் கொண்டுவந்தார். இன்றும் பல சபைகளில் பெண்கள் கொடுக்கும் புகார் போதகர் மேஜையைத் தாண்டுவதில்லை. அந்த வகையில் 1744இல் எட்வர்ட்ஸ் எடுத்த நிலை நம்மில் பலரை விட மேல்.

செய்த முறைதான் கெடுத்தது. மத்தேயு 18இல் இயேசு வரிசையாகவே சொல்லியிருக்கிறார்: முதலில் ‘நீயும் அவனும் தனித்திருக்கையில்’, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு, அதற்கும் கேட்காவிட்டால்தான் சபை. நார்தாம்ப்டனில் கடைசிப் படி முதலில் ஏறப்பட்டது. இது பொதுவில் நடந்த பாவம், தனியாகப் பேச வேண்டிய தேவை இல்லை என்று அவர் கருதியிருக்கலாம். அதுகூட ஒரு நியாயம்தான். சாட்சிகளையும் குற்றவாளிகளையும் ஒரே மூச்சில் வாசித்ததற்கு அந்த நியாயமும் இல்லை. யாருக்கும் தீங்கு செய்யாத ஒரு பெண், உள்ளதைச் சொல்ல ஒப்புக்கொண்ட ஒரே காரணத்துக்காக, ஊர் வாயில் விழுந்தாள்.

ரகசியம் காப்பது, விசாரணையில் பெயர்களைப் பாதுகாப்பது, புகார் கொடுத்தவரை முதலில் நினைப்பது எல்லாம் போதகர் வேலையின் ஓரத்தில் இருக்கும் நிர்வாக விஷயங்களாகத் தெரியும். இவற்றில் ஒரு தடவை தவறினால் அடுத்த முறை யாரும் போதகரிடம் எதையும் சொல்ல மாட்டார்கள். நார்தாம்ப்டனில் அதுதான் நடந்தது. வாலிபர்கள் மேல் அவருக்கு இருந்த செல்வாக்கு பெருமளவு போய்விட்டது என்று ஹாப்கின்ஸ் எழுதுகிறார். அடுத்த சில வருடம் சபையில் புதிதாகச் சேர ஒருவரும் முன்வரவில்லை.

வீடு வீடாகப் போய் வருகிற போதகராக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அந்த வாலிபர்களில் நாலைந்து பேரின் அப்பாக்களை அவர் திண்ணையில் வைத்தே பார்த்துப் பேசியிருப்பார். பட்டியலை வாசிக்கும் முன்பே, இந்தப் பெயரையும் அந்தப் பெயரையும் சேர்த்து வாசித்தால் எந்த வீட்டில் என்ன வெடிக்கும் என்று தெரிந்திருக்கும்.

சம்பளம், மற்றும் யாரும் கேட்காத ஒன்று

பணப் பிரச்சினையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1740களில் விலைவாசி ஏறி நாணய மதிப்பு விழுந்தது. வருடா வருடம் சம்பளத்துக்காக ஊர்க்கூட்டத்தின் வாயைப் பார்க்க வேண்டிய நிலை. நிலையான சம்பளம் வேண்டும் என்று எட்வர்ட்ஸ் கேட்டார். கேட்டது தப்பில்லை. ஆனால் கேட்டவர் அவரே. உடனே போதகர் வீட்டுச் செலவு, மனைவி போடும் உடை, நகை எல்லாம் ஊர்ப்பேச்சாயின. தன் சம்பளத்துக்குத் தானே மனுப் போட வேண்டிய இடத்தில் போதகரை வைத்தது சபையின் தவறு. காசு விஷயத்தைப் பேச உதவிக்காரர்களும் பொறுப்பாளர்களும் எதற்கு இருக்கிறார்கள்?

யாரும் கேட்காத ஒன்று இருக்கிறது. 1731இல் எட்வர்ட்ஸ் நியூபோர்ட் என்ற துறைமுக ஊருக்குப் போய் ஓர் ஆப்பிரிக்கச் சிறுமியை அடிமையாக விலைக்கு வாங்கினார். பக்கத்து ஊர்ப் போதகர் ஒருவர் அடிமை வைத்திருந்ததை அவர் சபையார் எதிர்த்தபோது, அந்தப் போதகருக்கு ஆதரவாக வாதங்களைக் குறித்தும் வைத்தார். ‘மந்தைக்கு மாதிரிகளாக’ இருக்கும்படி பேதுரு எழுதிய கட்டளையை வைத்துப் பார்த்தால் இந்த வழக்கில் இதைவிடக் கனமான குற்றச்சாட்டு கிடையாது. 1750இல் சங்கத்தின் முன் இது வரவே இல்லை. ஊரில் வசதியுள்ளவர்களும் அடிமைகளை வைத்திருந்தார்கள். சபையும் போதகரும் சேர்ந்தே ஒன்றைச் செய்யும்போது அதைச் சுட்டிக்காட்ட ஆள் இருப்பதில்லை. போதகரைக் கண்காணிக்க அந்தச் சபைக்கு வெளியிலிருந்தும் ஒருவர் தேவை என்று சொல்வதற்கு எனக்கு இது போதுமான காரணம்.

திருவிருந்துப் பந்தி

1748 ஜூனில் கர்னல் ஜான் ஸ்டாடர்ட் இறந்தார். எட்வர்ட்ஸின் தாய்மாமன், ஊரிலேயே பலமான மனிதர், போதகருக்கு அரணாக நின்றவர். அந்த டிசம்பரில் ஒருவர் அங்கத்தினராகச் சேர வந்தார். மெய்யான விசுவாசத்துக்கு ஒரு சாட்சி தர வேண்டும் என்று எட்வர்ட்ஸ் சொன்னார். வந்தவர் யோசித்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டார். தாத்தாவின் முறையைப் பேரன் மாற்றப்போகிறார் என்று ஊருக்குத் தெரிந்தது இப்படித்தான்.

இதற்குப் பிறகு எட்வர்ட்ஸ் நடந்துகொண்ட விதத்தில் குறை காண்பது கஷ்டம். 1749 பிப்ரவரியில் சபைக் கமிட்டியிடம் முறைப்படி தன் கருத்தைச் சொன்னார். பீடத்தில் விளக்க அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. மீறிப் பிரசங்கிக்கவில்லை. சரி, எழுதித் தருகிறேன் என்று ஒரு புத்தகம் எழுதினார். ஆகஸ்டில் அச்சாகி வந்தது. ஊரில் அதைப் படித்தவர்கள் சொற்பம். 1750 தொடக்கத்தில் வாரநாள் போதனையில் விளக்கியபோது வெளியூர்க்காரர்கள் வந்து கேட்டார்கள், சொந்தச் சபையார் பெரும்பாலும் வரவில்லை. 1744இல் காட்டாத நிதானத்தை இப்போது காட்டினார். கேட்பதற்கு ஆள் இல்லை.

உபதேசத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் சபையார் பக்கத்திலிருந்து பாருங்கள். இருபது வருடமாக ஒருவர் தன் கையால் அப்பமும் ரசமும் கொடுத்திருக்கிறார். திடீரென்று, நீங்கள் உண்மையான விசுவாசிதானா என்று எனக்கு நிச்சயமில்லை என்கிறார். சொல்பவரோ நம் வீட்டுப்படி ஏறாதவர். நம் விசுவாசத்தை எடைபோட இவருக்கு என்ன தெரியும் என்ற கேள்வி எழாமல் இருக்குமா? இன்னொன்றும் உண்டு: தாய் தகப்பன் அங்கத்தினராக இல்லாவிட்டால் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடைக்காது. ஆகவே இது ஒவ்வொரு தொட்டிலையும் தொட்ட விவகாரம். போதகர் தன் கருத்து மாறியதை மாறிய காலத்திலேயே மூப்பர்களோடு உட்கார்ந்து பேசி, சில வருடம் பொறுமையாகக் கற்றுக்கொடுத்துக் கொண்டுவந்திருக்க வேண்டும்.

வீடு சந்திப்பு இருந்திருந்தால் அவர் தப்பியிருப்பாரா? உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஊரில் அதிகாரப் போட்டி இருந்தது. பாஸ்டன் பக்கத்துக் காற்றும் மாறிக்கொண்டிருந்தது. பலமான உறவினர்கள் எதிரணியில் நின்றார்கள். ஒருவேளை அப்போதும் அவரை அனுப்பியிருப்பார்கள். ஆனால் 23 ஓட்டோடு அனுப்பியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

போன விதம்

ஜூலை 1ஆம் தேதி பிரியாவிடைப் பிரசங்கம். போதகரும் சபையும் நியாயத்தீர்ப்பு நாளில் மறுபடி சந்தித்து, ஒருவரைப் பற்றி ஒருவர் கணக்குக் கொடுப்பார்கள் என்பது பொருள். கோபமாகப் பேசவில்லை; ஆனால் கேட்டவர்களுக்குச் சுட்டிருக்கும். அதன்பின் நடந்தது விசித்திரம். பிரசங்கிக்க வேறு ஆள் கிடைக்காத ஞாயிறுகளில், அனுப்பிவிட்ட அவரையே கூப்பிட்டார்கள். அவரும் போய்ப் பிரசங்கித்தார். இதில் வெட்கப்பட வேண்டியது யார் என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. கடைசியில் ஊர்க்கூட்டம் அதையும் நிறுத்தியது. அவர் பக்கம் நின்றவர்கள் தனிச் சபை தொடங்கலாம் என்றபோது அவர் அதற்குத் தூபம் போடவில்லை. பதவி போன கோபத்தில் சபையை இரண்டாக உடைத்துக்கொண்டு போகாமல் இருப்பதும் ஒரு போதகரின் பொறுப்புதான். அதில் அவர் முழு மதிப்பெண் வாங்குகிறார். நார்தாம்ப்டனுக்கு அடுத்த போதகர் நிலையாக அமைய 1753 டிசம்பர் ஆயிற்று.

1760இல் வக்கீல் ஹாலி, தாம் நடந்துகொண்டது தவறு என்று ஒப்புக்கொண்டு எழுதிய கடிதம் பாஸ்டன் பத்திரிகையில் வந்தது. எட்வர்ட்ஸ் அதற்கு இரண்டு வருடம் முன்பே இறந்துவிட்டார்.

1751இல் அவர் போனது ஸ்டாக்பிரிட்ஜ் என்ற எல்லைப்புற ஊருக்கு. மோகிக்கன் பூர்வகுடி மக்களும் சில ஆங்கிலேயக் குடும்பங்களும் உள்ள சிறிய சபை. மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, எளிய உவமைகளில், சின்னச் சின்ன வாக்கியங்களில் பிரசங்கித்தார். பூர்வகுடிப் பிள்ளைகளின் பள்ளிக்கு வந்த பணத்தைச் செல்வாக்குள்ள குடும்பம் ஒன்று தன் வசதிக்குத் திருப்பியபோது, அதிகாரிகளுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதிப் போராடினார். அவருடைய எழுதும் திறமை மந்தையின் நேரடித் தேவைக்குப் பயன்பட்டது அங்கேதான். பெரிய தத்துவ நூல்களையும் அங்கிருந்துதான் எழுதினார்.

1757இல் பிரின்ஸ்டன் கல்லூரிக்குத் தலைவராக அழைத்தார்கள். அவர் எழுதிய பதில் கடிதம்தான் இந்த வழக்கில் எனக்குக் கிடைத்த நல்ல சாட்சியம். தன் உடல்நிலை சரியில்லை, உற்சாகம் குறைவு, பேச்சிலும் நடத்தையிலும் விறைப்பும் மந்தமும் உண்டு, அதனால் ஆட்களோடு பழகும் வேலைக்குத் தான் தகுதியில்லை, எழுதுவதுதான் தனக்கு வரும் என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 54 வயதில் தன்னைப் பற்றி இவ்வளவு தெளிவாகத் தெரிந்தவருக்கு 25 வயதிலும் கொஞ்சமாவது தெரிந்திருக்கும். 1729இல் தாத்தாவை அடக்கம் செய்த கையோடு ஊர்ப் பொறுப்பாளர்கள் அவரிடம் இதைக் கேட்டிருந்தால், பீடம் எட்வர்ட்ஸுக்கு, வீடுகள் இன்னொருவருக்கு என்று இரண்டாவது ஆள் ஒருவரைத் தேடியிருக்கலாம். ஸ்டாடர்டுக்கு வயதானபோது அதே சபை அப்படி ஒரு உதவியாளரைத் தேடித்தானே இவரைக் கொண்டுவந்தது?